ஊசிமேட்டுக்கு வந்து சேர்ந்த இருமல்

கரையோர நல அலுவலகத்தின் அதிகாரி மணவாளன் 1962ஆம் ஆண்டு ஆவணி மாதம் ஊசிமேட்டுக்கு வந்து பேசிய பேச்சு, அவர் ஜீப் ஏறிப் போய் நாற்பது நிமிடம் கழித்துத்தான் ஊர்க்காரர்கள் காதில் விழுந்தது. அவர் பேசியபோது வாய் அசைந்தது, கை அசைந்தது, கழுத்தில் கிடந்த சம்பங்கி மாலை அசைந்தது. சத்தம் மட்டும் வரவில்லை. எந்த இடத்தில் கைதட்டுவது என்று தெரியாமல், அவர் மூச்சு வாங்கிய இடத்திலெல்லாம் ஊர்த் தலைவர் நாகமுத்து தட்டி வைத்தார். ஜீப் பழவேற்காட்டுச் சாலையில் தூசியாகி மறைந்தது. பெண்கள் கருவாட்டைத் திருப்பிப் போடக் கிளம்பிவிட்டார்கள். பந்தல்காரன் கீற்றைப் பிரித்துக்கொண்டிருந்தபோது காலி நாற்காலிக்கு மேலேயிருந்து பேச்சு இறங்கியது. மணவாளன் குரல்தான், ஆனால் கிளியின் தொண்டையில் போட்டு எடுத்ததுபோலக் கீச்சென்று இருந்தது. அடுத்த பொங்கலுக்குள் ஏரியின் குறுக்கே பாலம் என்றது அது. பந்தல்காரன் ஒரு கீற்றைத் திரும்பக் கட்டினான், அரசாங்கம் இன்னும் பேசி முடிக்கவில்லையே என்ற மரியாதைக்காக.

அன்றிலிருந்து ஊசிமேட்டு எல்லைக்குள் அரசாங்கம் பேசினால் அப்படித்தான். சாலை போடுகிறேன் என்ற பேச்சு ஒரு மணி நேரத்தில் வந்தது. மின்சாரம் பற்றிய பேச்சு வந்து சேர ஒன்றரை வருடம் ஆயிற்று. அதற்குள் அதைப் பேசியவர் ஓய்வுபெற்றுக் காசிக்குப் போயிருந்தார். ஊர் பதில் பேசியதும் அதே கதிதான். "போன வருசமும் இதான் சொன்ன, மவராசா, இப்ப இன்னா புச்சா சொல்ற?" என்று எல்லம்மா கேட்ட கேள்வி, மணவாளன் பொன்னேரியில் நாஷ்டா சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது, இரண்டாவது வடைக்கும் மூன்றாவது வடைக்கும் நடுவில், கட்டைக் குரலில் அவர் காதோரம் ஒலித்தது. அவர் காதுக்குச் சொட்டு மருந்து வாங்கிக்கொண்டார். ஊர்க்காரர்கள் இதைப் பெரிய பேஜாராக எடுத்துக்கொள்ளவில்லை. கொண்டல் காற்று எப்போது வரும் என்று கேட்டால் வரும்போது வரும் என்பார்கள் அல்லவா, அந்தக் கணக்கில் இதையும் சேர்த்துவிட்டார்கள்.

1964இல் அலுவலகம் ஊசிமேட்டுக்கு ஒரு வானொலிப் பெட்டி கொடுத்தது. புயல் வந்தால் மீனவர்களை எச்சரிக்க. தேக்குப் பெட்டி, முன்பக்கம் ஒன்று முதல் ஐம்பது வரை எண் போட்ட தகடு, அதன்மேல் நகரும் சிவப்பு முள், ஒரு கார் பேட்டரி. முள்ளை நாற்பத்தொன்றில் வைத்துத் தினமும் பகல் பதினொன்று இருபதுக்குக் கேட்கவும் என்று ஒட்டியிருந்தது. எச்சரிக்கையை ஒலிபரப்பும் அறை திருவள்ளூரில் இருந்தது. கடலிலிருந்து கிட்டத்தட்ட முப்பது மைல் தள்ளி, கோயில் குளத்தைத் தவிர வேறு பெரிய தண்ணீரைப் பார்த்திராத ஊரில், கரையோர அலுவலகத்துக்கு இடம் கிடைத்தது. அங்கே பதினொன்று இருபது என்பது அலுவலகச் சுவரில் மாட்டியிருந்த கடிகாரத்தின் பதினொன்று இருபது. அதற்குத் திங்கட்கிழமை சாவி கொடுப்பார்கள். செவ்வாய் இருபது நிமிடம் பின்தங்கும், புதன் நாற்பது, சனிக்கிழமை அது ஊரைவிட ஒரு மணி நாற்பது நிமிடம் பின்னால் இருக்கும். ஆனால் அது அரசாங்கக் கடிகாரம். ஆகவே அது காட்டுவதுதான் மணி. ஒலிபரப்பும் இயந்திரத்தின் முள்ளும் சூடேற ஏற நழுவும். ஒரு நாளைக்கு ஒரு எண் கீழே இறங்கிப் பிறகு ஐம்பதிலிருந்து மறுபடி தொடங்கும். முள் நழுவியதை அலுவலகத்தில் யாரும் குறித்துக்கொள்ளவில்லை, ஏனென்றால் பதிவேட்டில் அதற்குக் கட்டம் கிடையாது. "ஒலிபரப்பப்பட்டது" என்ற கட்டம் இருந்தது. அதில் தினமும் கையெழுத்து விழுந்தது.

ஊசிமேட்டு வலைக்கொட்டகையில் பெட்டி இரைந்தது. அவ்வளவுதான். இரண்டு வருடம் நாகமுத்து பதினொன்று இருபதுக்கு அதன் முன்னால் குளித்து முழுகி உட்கார்ந்தார். பிறகு அதன்மேல் வலை பின்னும் நூல்கண்டுகளை வைத்துக்கொண்டார்கள்.

1966 கார்த்திகையில் வந்த புயல் ஒரே ஒரு ஆளைக் கொண்டுபோயிற்று. மீனவர் அப்பாவு, எல்லம்மா தம்பதியின் மூத்த மகன் முனிகிருஷ்ணன். உடல் கிடைக்கவில்லை. கறுப்புக் கைலி மட்டும் முகத்துவாரத்துக்கு வடக்கே கரை ஒதுங்கியது. அவன் பிடித்த இறாலில்தான் தங்கை குணசுந்தரி மெட்ராஸில் பி.எஸ்ஸி. இயற்பியல் படித்துக்கொண்டிருந்தாள். ஊசிமேட்டில் எட்டாவது தாண்டிய முதல் ஆள் அவள். அப்பாவு எதை எடுத்தாலும் "நைனா, நீ எழுதிக் குடு" என்று மகளிடம் நீட்டுவார். அவள் பெண் என்பதால் நைனா என்று கூப்பிடக்கூடாது என்று யாரும் அவருக்குச் சொன்னதில்லை. பதினாறாம் நாள் காரியத்தில், அதே கொட்டகையில் படையல் இலை போட்டு எல்லோரும் கும்பிட்டுக்கொண்டிருந்த பிற்பகல் நான்கு மணிக்கு, நூல்கண்டு விழுந்து முள் முப்பத்துமூன்றுக்கு நகர்ந்த பெட்டிக்குள்ளிருந்து முதலில் ஒரு இருமல் வந்தது. இரண்டு குட்டை, ஒரு நெடிசு. பிறகு குரல் சொன்னது: இன்று மாலை புயல் கரையைக் கடக்கும், மீனவர்கள் கடலுக்குச் செல்ல வேண்டாம்.

யாரும் அழவில்லை. எல்லம்மா எழுந்து போய்ப் பெட்டியின் முன்னால் ஒரு இலையைப் போட்டுச் சோறு வைத்தாள். "வந்துட்டியாப்பா? குந்து. துன்னுட்டுப் போ" என்றாள்.

குணசுந்தரிக்குக் கோபம் அந்த இலையிலிருந்து வந்தது. அதற்குமுன் அவளுக்குக் கோபம் வராது என்றில்லை. விடுதியில் மீன் வாடை என்று மூக்கைப் பொத்தியவள் தலையில் ஒரு செம்புத் தண்ணீரைக் கவிழ்த்தவள்தான். ஆனால் இது வேறு கோபம், உட்கார்ந்து வேலை பார்க்கிற கோபம். விடுமுறைக்கு வரும்போதெல்லாம் பெட்டியின் முன்னால் உட்கார்ந்து முள்ளை ஒவ்வொரு எண்ணாக நகர்த்திக் கேட்டாள். பன்னிரண்டாம் எண்ணில் பாலம் கட்டிக்கொண்டிருந்தார்கள். பத்தொன்பதில் 1957ஆம் வருடத்துத் தேர்தல் நடந்துகொண்டிருந்தது. இருபத்திரண்டில் ஒருவர் மீனவக் குடிகளின் கண்ணீரைத் துடைப்பேன் என்று சொல்லிவிட்டுத் தண்ணீர் குடித்தார், குடித்துக்கொண்டே இருந்தார். அரசாங்கம் இந்த ஊரைப் பார்த்துச் சொன்ன ஒரு சொல்லும் வீணாகவில்லை. எல்லாம் தகட்டின் ஏதோ ஒரு எண்ணில் பழுதில்லாமல் சுற்றிக்கொண்டிருந்தது. முள் சரியான எண்ணில் நின்றால் பேச்சு சுடச்சுட வரும் என்பதையும், எண் தள்ளத் தள்ளப் பேச்சு பழசாகிக்கொண்டே போகும் என்பதையும் அவள் நோட்டில் எழுதினாள். சரியான எண் எது என்று தெரிய, பேசுகிற நேரத்தில் கேட்க வேண்டும். பேசுகிற நேரம் எது என்று தெரிய, சரியான எண்ணில் கேட்க வேண்டும். ஒன்று தெரியாமல் இன்னொன்று தெரியாது. போதாக்குறைக்கு எல்லாச் செய்தியும் "இன்று" என்றே தொடங்கியது. எந்த இன்று என்று ஒருவரும் சொல்லவில்லை.

1968இல் பட்டத்தை வாங்கியதும் நேராகத் திருவள்ளூருக்குப் போனாள். ஊசிமேட்டு எல்லைக்கு வெளியே அரசாங்கம் பேசுவது உடனே கேட்கும். அதனால் பெரிய பயன் இல்லை என்று அங்கே தெரிந்துகொண்டாள்.

"அனுப்பினோமா இல்லையா? பதிவேட்டைப் பாருங்க" என்றார் மணவாளன். "நூத்துக்கு நூறு."

"அனுப்பிச்சீங்க சார். வந்து சேரலை. எங்க அண்ணனோட பதினாறாம் நாளு காரியத்துக்கு வந்துது."

"வந்து சேர்றது பெறுதல் பிரிவு. இது அனுப்பும் பிரிவு."

"பெறுதல் பிரிவு எங்க கீது?"

"இன்னும் ஏற்படுத்தப்படலை."

"அந்தக் கடிகாரத்தையாவது சரி பண்ணுங்க. ஒண்ணே கால் மணி நேரம் பின்னால ஓடுது."

மணவாளன் கடிகாரத்தைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். "படிச்ச பொண்ணு, அரசாங்கக் கடிகாரத்தைக் குறை சொல்லலாமா?" என்றார். வேலைக்கு அவள் போட்ட மனுவையும் அன்றே திருப்பிக் கொடுத்தார். ஒலிபரப்பு அறைக்குள் பெண்கள் நுழைய விதியில்லை. விதியில்லை என்றால் தடை இருக்கிறது என்று அர்த்தமல்ல, விதி எழுதப்படவில்லை என்று அர்த்தம், எழுதப்படும்வரை தடை என்று விளக்கினார்.

வெளியே வேப்பமரத்தடியில் ஒருவர் இருமிக்கொண்டே தயிர்சாதம் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். இரண்டு குட்டை, ஒரு நெடிசு. குணசுந்தரி அப்படியே நின்றாள். இரண்டு வருடமாக அவள் காதுக்குள் இருந்த இருமல். திருநின்றவூரிலிருந்து தினமும் ரயிலில் வந்து ஒலிபரப்பிவிட்டுப் போகும் பூவராகவன் அவர். "வாயைத் திறந்தா மொதல்ல இதுதாம்மா வரும்" என்று கூச்சத்தோடு சொன்னார். "இது வராம எனக்கு ஒரு வார்த்தை வராது. எங்க கல்யாணத்துல மந்திரம் சொல்றதுக்கு முன்னாடியும் இருமினேன்."

பத்தொன்பதில் தேர்தல் நடத்துகிறவர் இருமவில்லை, பன்னிரண்டில் பாலம் கட்டுகிறவர் இருமவில்லை. இரைச்சலுக்குள் இது இப்போதைய அரசாங்கம் என்று காட்டும் அடையாளம் இந்த ஒன்றுதான். அவள் அவர் முன்னால் மண்ணில் குந்தினாள். "சார், சேதியில தேதியச் சேத்துச் சொல்ல முடியுமா?" அவர் பதறிப்போனார். ஒரு எழுத்தைக் கூட்டவோ குறைக்கவோ அவருக்கு அதிகாரம் இல்லை. மெட்ராஸிலிருந்து அனுமதி வர வேண்டும், அதற்கு மூன்று கையெழுத்து வேண்டும், மூன்றில் ஒருவர் நீண்ட விடுப்பில் இருந்தார். "சரி, இருமலை மாத்தணும்னா?" என்று அவள் கேட்டாள்.

பூவராகவன் கவளத்தை இறக்கி வைத்து யோசித்தார். "அது ஃபைல்லயே இல்லையேம்மா" என்றார்.

இந்த நாட்டில் ஒரு இருமல் சுதந்திரமாக இருந்தது. அதை எப்படி வேண்டுமானாலும் மாற்றலாம். வழக்கமான இருமலுக்குப் பிறகு ஞாயிறன்று ஒரு குட்டை, திங்களுக்கு இரண்டு, சனிக்கு ஏழு என்று இருவரும் அந்த வேப்பமரத்தடியில் முடிவு செய்தார்கள். கையெழுத்து எதுவும் தேவைப்படவில்லை.

மீதி வேலை ஊசிமேட்டில். அந்த ஊரில் ஏரிக்குள் வலை கட்ட நல்ல இடங்கள் கொஞ்சம்தான். யார் எந்த நாளில் எந்த இடத்தில் கட்டுவது என்று சீட்டுக் குலுக்கி முறை வைத்திருந்தார்கள். இன்று இந்த இடம் உனக்கு, நாளை அதே இடம் எனக்கு, நீ அடுத்த இடத்துக்கு நகர்ந்துகொள். இதற்குப் பாடு என்று பெயர். மீன் எந்த நேரத்தில் எந்த இடத்துக்கு வரும் என்று எவனுக்கும் தெரியாது. ஆனால் எல்லா இடத்திலும் எல்லா நேரத்திலும் யாரோ ஒருவன் காத்திருந்தால் ஊருக்கு மீன் கிடைக்கும். குணசுந்தரி பெட்டியின் ஐம்பது எண்களையும் பகலின் அரை அரை மணி நேரங்களையும் பாடாகப் பிரித்தாள். ஆண்கள் வலைக்குப் போய்விடுவதால் பெண்கள் உட்காருவது என்றாள். நாகமுத்துவுக்கு அது பொறுக்கவில்லை.

"பொம்பளைங்களுக்கு ஏதும்மா பாடு? பரம்பரையா ஆம்பளைங்களுக்குத்தான் சீட்டு."

"ஆம்பள குந்தி ரெண்டு வருசம் கேட்டீங்களே, இன்னா கேட்டுது? இரைச்சல்தானே? அது எங்க ஊட்லயே கேக்குது" என்றாள் கனகாம்பாள். கனகாம்பாள் இரண்டு தெருவுக்கும் சேர்த்துச் சண்டை போடுகிறவள். சீட்டுக் குலுக்கினார்கள்.

அதற்குமுன் ஊர் முழுக்க இருமக் கற்றுக்கொண்டது. பூவராகவன் இருமலின் சுருதி குணசுந்தரிக்கு அத்துபடி. முள் கொஞ்சம் மேலே இருந்தால் அது கீச்சிடும், கீழே இருந்தால் கரகரக்கும், சரியாக நின்றால் அவரே பக்கத்தில் உட்கார்ந்து இருமுவதுபோல் இருக்கும். ஒரு மாதம் கருவாடு காயப்போடும்போதும், தண்ணீர் எடுக்கும்போதும், அம்மனைக் கும்பிடும்போதும் பெண்கள் பூவராகவனைப்போல இருமினார்கள். காசநோய் பரவிவிட்டது என்று ஒரு சுகாதாரக் குழு வந்து எல்லோருக்கும் ஊசி போட்டுவிட்டுப் போனது. வலிக்காது என்று அவர்கள் சொன்னது வலி நின்றபிறகு கேட்டது.

பாடு தொடங்கிய பத்தொன்பதாம் நாள், வெள்ளிக்கிழமை, பகல் பன்னிரண்டு நாற்பதுக்கு, கனகாம்பாள் இருபத்தேழாம் எண்ணில் உட்கார்ந்திருந்தபோது இருமல் வந்தது. இரண்டு குட்டை, ஒரு நெடிசு, பிறகு ஆறு. கொஞ்சம் கீச்சு. அவள் முள்ளை ஒரு மயிரிழை நகர்த்தினாள். பூவராகவன் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். இன்று வானம் தெளிவாக இருக்கும் என்றார். கனகாம்பாள் கொட்டகைக்கு வெளியே வந்து பார்த்தாள். வானம் தெளிவாக இருந்தது. அரசாங்கம் சொன்னது கண்ணெதிரே அப்படியே இருந்ததை ஊசிமேடு அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தது. நாலைந்து பேர் வாசலில் நின்று வெகுநேரம் வானத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

ஒருமுறை பிடித்தபிறகு பிரச்சினை இல்லை. நாளுக்கு ஒரு எண் இறங்கினார்கள், இருபது நிமிடம் தள்ளினார்கள், திங்கட்கிழமை திரும்ப முதலிலிருந்து. மீதி நழுவலை இருமலின் சுருதியே சொல்லிவிடும். புயல் என்று கேட்டால் எல்லம்மா மணல்மேட்டில் நட்டிருந்த பனங்கம்பத்தில் முனிகிருஷ்ணனின் கறுப்புக் கைலியை ஏற்றுவாள். முகத்துவாரத்தில் இருக்கும் படகு அதைக் கண்டு பாயை மூன்றுமுறை இறக்கி ஏற்றும், அதைப் பார்த்து அடுத்த படகு. 1969இல் ஒரு புயல், 1971இல் ஒரு புயல். ஊசிமேட்டில் ஒரு கட்டுமரம்கூடப் போகவில்லை. இந்தச் சாதனைக்காக மணவாளனுக்குப் பதவி உயர்வும் ஒரு பித்தளைக் கேடயமும் கிடைத்தன. அவர் ஊசிமேட்டுக்கு வந்து நன்றி பெற்றுக்கொண்டு போனார். என்ன பேசினார் என்று கேட்க யாரும் காத்திருக்கவில்லை.

கேடயம் கொடுத்தவர்கள் ஒருநாள் சோதனைக்கு வந்தபோதுதான் இருமலைக் கேட்டார்கள். கணக்குப் போட்டுப் பார்த்ததில், அரசாங்க அலைவரிசையில் வருடத்துக்குப் பல மணி நேரம் வெறும் இருமலாகப் போவது தெரியவந்தது. சுற்றறிக்கை வந்தது: ஒலிபரப்பின்போது இருமுதல், செருமுதல், கனைத்தல் ஆகியவை இன்றுமுதல் தடை செய்யப்படுகின்றன. முதல்முறையாக இருமல் ஃபைலுக்குள் வந்தது. பூவராகவனைச் சிகிச்சைக்கு அனுப்பி, மூன்று மாதத்தில் முழுக்கக் குணமாக்கி அனுப்பினார்கள். குணமானபின் அவருக்கு எந்தப் பேச்சையும் தொடங்க முடியவில்லை. திருநின்றவூர் ஸ்டேஷனில் டிக்கெட் கேட்க வாயைத் திறந்தபடி நிற்பார், வண்டி போய்விடும். அவர் இடத்துக்குக் குப்புராஜ் என்பவரைப் போட்டார்கள். வெண்ணெயில் நெய்த குரல். அந்தக் குரலில் புயலும் ஒன்றுதான், பூப்பந்தாட்டமும் ஒன்றுதான்.

சுருதி பார்க்க இருமல் இல்லாமல் ஒரே வாரத்தில் ஊசிமேடு சரியான எண்ணைத் தவறவிட்டது. அதன்பிறகு எந்த எண்ணைத் தொட்டாலும் குப்புராஜ் இருந்தார். மூன்றில் இன்று புயல், பதினைந்தில் இன்று தெளிவு, முப்பதில் இன்று மிதமான காற்று. எல்லாம் இன்றுதான். எல்லாம் ஒரே வழவழப்பு. "இன்னாமே இது, பூராவும் வெண்ணெயா கீது, எதுல கைய வெச்சாலும் வழுக்குது" என்றாள் கனகாம்பாள். பொன்னேரியில் ஒரு பள்ளியில் தற்காலிக ஆசிரியையாக இருந்த குணசுந்தரி பன்னிரண்டு மனு எழுதினாள். பன்னிரண்டுக்கும் கிடைக்கப்பெற்றது என்று பதில் கிடைத்தது.

1972 ஐப்பசியில் ஒரு வியாழக்கிழமை விடியற்காலை, மூன்றாம் எண்ணில் குப்புராஜ் இன்று புயல் என்றார். நாகமுத்து கொட்டகை வாசலில் நின்று கேட்டார்: "இது எந்த இன்னிக்கி?" அந்த மாதம் முப்பது தடவை அதே புயலைக் கேட்டிருந்தார்கள், ஒன்பது நாள் வலைக்குப் போகாமல் உட்கார்ந்து, ஒன்பது நாளும் வெயில் அடித்திருந்தது. சட்டியில் ஒன்றுமில்லை. இருபத்திரண்டு படகுகள் முகத்துவாரத்துக்குக் கிளம்பின. முதல் படகில் அப்பாவு.

"நைனா, போவாத. நான் ஆபீசுக்குப் போய்க் கேட்டுக்கினு வரேன்" என்று லீவில் வந்திருந்த மகள் தண்ணீருக்குள் இடுப்பளவு இறங்கித் தடுத்தாள்.

"நீ போய்க் கேட்டுக்கினு வா. நான் மீனைப் புட்சிக்கினு வரேன். யார் மொதல்ல வராங்கன்னு பாக்கலாம்" என்று சிரித்துக்கொண்டே அவர் கோலை ஊன்றினார்.

அவள் ஈரப் புடவையோடு பழவேற்காட்டுக்குத் தோணி பிடித்து, பொன்னேரிக்கு பஸ் பிடித்து, புதுவாயல் கூட்ரோட்டில் செங்கல் லாரி ஒன்றை மறித்தாள். லாரிக்காரர் பெயர் யேசுதாஸ். "இன்னாம்மா, சாவு ஊடா?" என்று கேட்டார். "இன்னும் ஆவல. நீங்க வேகமாப் போனா ஆவாது" என்றாள். பெரியபாளையம் வழியாகத் திருவள்ளூர்வரை அவர் ஆரனை விட்டுக் கையை எடுக்கவில்லை.

அலுவலகத்தில் கடிகாரம் பத்து இருபது காட்டியது. வெளியே பகல் பதினொன்று இருபது. அதாவது, சரியான பதினொன்று இருபதுக்கு உள்ளே இன்னும் பதினொன்று இருபது ஆகியிருக்கவில்லை. மணவாளன் வந்து, புயல் இன்றைக்குத்தான் என்று மகிழ்ச்சியோடு ஒப்புக்கொண்டார். சாயங்காலம் கரையைக் கடக்கிறது. அவசரம் என்பதால் காலை ஆறு மணிக்கே தனியாக ஒருமுறை ஒலிபரப்பிப் பதிவேட்டிலும் ஏற்றியாகிவிட்டது.

"அது எந்த நாள் புயல்னு எங்க ஊருக்குத் தெரியல சார். இருபத்திரண்டு படகு போயிருக்கு. எங்க நைனா போயிருக்காரு. ஒரே ஒரு தரம் அந்த மைக்குல இருமச் சொல்லுங்க. மூணு. அப்புறம் அஞ்சு. அவ்ளோதான்."

"சுற்றறிக்கை இருக்கும்மா."

"ஆளுங்க செத்துடுவாங்க சார்."

"நான் இல்லேங்கலை. எழுதிக் குடுங்க, மேலே அனுப்பறேன்."

குணசுந்தரி அவரை ஒதுக்கவில்லை, கதவோடு சேர்த்துத் தள்ளினாள். குப்புராஜ் தொண்டைக்கு மிளகுப்பால் குடித்துக்கொண்டிருந்தார். மைக்கை அவர் கையிலிருந்து பிடுங்கி, பெண்கள் நுழைய விதி எழுதப்படாத அந்த அறையின் நடுவில் நின்று இருமினாள். இரண்டு குட்டை, ஒரு நெடிசு. பிறகு ஐந்து. அண்ணனுக்காக அழாமல் ஆறு வருடம் நெஞ்சில் வைத்திருந்தது எல்லாம் அந்த ஐந்தில் வந்தது. மிளகுப்பால் தம்ளர் மேசையில் ஆடியது.

அவள் அரசாங்க ஊழியர் அல்ல. அதனால் அந்த இருமல் காத்திருக்கவில்லை. இருமிய அந்த நொடியில் ஊசிமேட்டில் பெட்டியின் ஐம்பது எண்களிலும் ஒரே நேரத்தில் அது ஒலித்தது. பேட்டரி கழற்றி வெயிலில் வைத்திருந்தது, ஆனாலும் ஒலித்தது. அன்றைய பாடு எல்லம்மாவுடையது, அவள்தான் பெட்டி முன்னால் உட்கார்ந்திருந்தாள். கீச்சு இல்லை, கரகரப்பு இல்லை. மகள் பக்கத்தில் உட்கார்ந்து இருமினாள். எல்லம்மா முள்ளைத் தொடவில்லை, அடுத்து வரப்போகும் சொல்லுக்கும் நிற்கவில்லை. விரலை மடக்கி ஐந்து எண்ணினாள், அன்று வியாழன் என்று பார்த்தாள், மணல்மேட்டுக்கு ஓடிக் கைலியை ஏற்றினாள். முகத்துவாரத்துக்கு அப்பால் ஒரு பாய் மூன்றுமுறை இறங்கி ஏறியது. பிறகு தூரத்தில் இன்னொன்று. கிழக்கே கடல் ஈயம்போல் கறுத்துக்கொண்டு வரும்போது இருபத்தோரு படகுகள் ஏரிக்குள் நுழைந்துவிட்டன. இருபத்திரண்டாவது வர அந்தி ஆயிற்று. கடைசி வலையையும் ஏற்றிவிட்டுத்தான் கிளம்புவேன் என்று நின்ற படகு அது, கூடை நிறைய வஞ்சிரத்தோடு அப்பாவு இறங்கி, "அவ வந்துட்டாளா, நான் மொதல்லயா?" என்று கேட்டார்.

அவள் அப்போது போலீஸ் நிலையத்தில் பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். அரசாங்க ஒலிவாங்கியில் அனுமதியின்றி இருமியதாக வழக்கு. இருமலுக்கு எந்தப் பிரிவு என்று தேடினார்கள், தேடிக்கொண்டே நான்கு வருடம் வாய்தா போட்டார்கள். பள்ளி வேலை போயிற்று. ஆனால் அந்தப் புயலில் மற்ற கரைகளில் நடந்ததும் ஊசிமேட்டில் நடக்காததும் பேப்பரில் வந்துவிட்டதால், யாருக்காவது எதையாவது கொடுக்க வேண்டியிருந்தது. மணவாளனுக்கு இரண்டாவது கேடயம் கொடுத்தார்கள். குணசுந்தரிக்குத் தற்காலிக இருமல் உதவியாளர் என்ற பதவி. செய்தி வாசிப்பது குப்புராஜ்தான். அதற்குமுன் இருமுவது மட்டும் அவள். அறைக்குள் பெண் நுழைய விதி எழுதப்படாததால் கதவைத் திறந்து வைத்து, மைக்கை வாசற்படிவரை இழுத்து, வெளியே நின்று இருமச் சொன்னார்கள்.

1974இலும் 1976இலும் அவளை நிரந்தரமாக்கும் காகிதம் மேசைக்கு வந்தது. இரண்டையும் கிழித்தாள். நிரந்தரமானால் அரசாங்கமாகிவிடுவாள்; ஊசிமேட்டுக்கு அவள் இருமல் பதினாறு நாள் கழித்துப் போய்ச் சேரும். காரணத்தை எழுதிக் கொடுத்தாள். அலுவலகத்தில் யாருக்கும் அது வியப்பாக இல்லை. நியாயமான காரணம் என்று மணவாளனே குறிப்பு எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

1977இல் கும்மிடிப்பூண்டிப் பக்கம் தொழிற்சாலைகளுக்கு நிலம் பார்க்க வந்தவர்கள் ஊசிமேட்டிலும் ஒருநாள் பந்தல் போட்டுப் பேசினார்கள். ஏரி, சாம்பல், வேலைவாய்ப்பு என்று ஏதோ வாய் அசைந்தது. கூட்டத்தின் முன்வரிசையிலிருந்து கனகாம்பாள் எழுந்து, "இருமிட்டுப் பேசு சார்" என்றாள். அந்தச் சொல் பேசியவருக்கு எங்கே போய்க் கேட்டதோ தெரியாது. அவர்கள் பேசியது இன்னும் வரவில்லை. வரும்போது கேட்டுப் பதில் சொல்வதற்கு ஆள் இருக்க வேண்டுமென்று, அதற்கும் ஒரு பாடு வைத்திருக்கிறார்கள். பந்தலின் ஒரு கீற்றைப் பிரிக்காமல் விட்டு, அதன் கீழே தினமும் ஒருத்தி முறைபோட்டு உட்காருகிறாள்.

பெட்டி இப்போது எல்லம்மாவின் வீட்டில் இருக்கிறது. பேட்டரி கிடையாது. பகலில் அது இருமும். அவள் உலையில் அரிசி போட்டுக்கொண்டே விரலை மடக்குவாள். கிழமை சரியாக இருந்தால், "நல்லாத்தான் கீறா, சளிகூட இல்ல" என்று அப்பாவுவிடம் சொல்லிவிட்டுப் பெட்டியின்மேல் துணியைப் போட்டு மூடிவிடுவாள். அதற்குப் பிறகு வருகிற அரசாங்கச் செய்தி துணிக்கு அடியில் கொஞ்ச நேரம் முனகும்.